இறக்கைக்கு இறக்கையே மட்டம்

கோயமுத்தூர் மைதானத்தில் ஆகாய விமானம் இறங்குவதைப் பார்க்க எங்கள் அண்ணாவும் நானும் போயிருந்தோம். இறங்கும் சமயம் இறக்கைகளின் பின்னோரம் இரு பக்கமும் கீழே மடங்கிற்று. விமானம் பிடித்து இழுத்தாற்போல் மெதுவாயிற்று.

"பாத்தியா அம்மணி? அந்த மடல் ரெண்டும் இருந்தா நம்ம காட்டுலயே இறக்கிப்போடலாம்!" என்றார் அண்ணா. மறுநாளே சொந்தமாக ஒரு விமானம் கட்ட மரச்சட்டம் வாங்கக் கிளம்பிவிட்டார்!

கிணத்துக்கடவில் பிறந்து, தகப்பனாரை இளமையிலேயே இழந்து, பஞ்சாலையில் தொழில் பழகி, தங்கையாகிய என்னை ஹைஸ்கூல் வரை படிக்க வைத்தவர் அண்ணா. கூலியாட்களையும் "வாங்க" என்றே அழைப்பார். கோபம் வந்தால் பேசாமல் அரத்தை எடுத்து இரும்பை ராவுவார்.

எங்கள் சோளக்காட்டின் கடைசியில் தென்னந்தோப்பு. மெதுவாக இறங்காவிட்டால் மரத்தில்தான் போய் நிற்க வேண்டும். ஆகவே மடல்கள் சரியாக அமைவதில்தான் உயிரே இருந்தது. கட்டி முடித்த விமானத்தை நெற்களத்தில் நிறுத்தி, கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்து, இரு மடல்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். காட்டில் ஓட்டினாலோ ஒரு பக்கம் எழும்பி, மறு இறக்கை மண்ணைக் கீறிற்று! மறுபடி மட்டம் பார்த்தோம், இம்மியும் பிசகில்லை. அண்ணா யோசித்து, விமானத்தை அப்படியே தலைமாற்றித் திருப்பச் சொன்னார். இப்போது ஒரு மடல் தூக்கியும் மற்றது தொங்கியும் நின்றன!

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணி பொய் சொல்லலை அம்மணி. மழைத்தண்ணி வடியோணும்னு களத்தைச் சாய்வாப் போட்டதே நானுதான்!"

பின்பு ஒரே அளவுச் சட்டத்தை இரண்டு இறக்கைகளிலும் வைத்துப் பார்த்து, மடல்கள் அதற்கு ஒட்டி வரும்வரை கம்பித் திருகுகளை முடுக்கினார். "இனி மண்ணைப் பாக்காதே. ரெக்கைக்கு ரெக்கைதான் மட்டம்." அதன்பின் ஓட்டம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. என்னையும் ஓட்டிப் பழக வைத்தார்.

சக்கரம் மண்ணை விட்டு எழும்புமுன் விஷக்காய்ச்சல் அண்ணாவைக் கொண்டுபோயிற்று. கடைசி நாளிலும், "கம்பிக்கு எண்ணெய் போட்டியா?" என்றே கேட்டார்.

கருமாதியன்று பெரியப்பா, "எஞ்சினைக் கழட்டித் தண்ணி இறைக்கக் கிணத்துக்கு மாட்டிப்போடலாமே" என்றார். அண்ணாவின் மனைவியாரான எங்கள் நங்கை தலை நிமிர்ந்தார். "கிணத்துக்கு மாடிருக்குதுங்க மாமா. இதுக்கு அம்மணி இருக்குது."

"அப்ப தோப்புல முன்வரிசை மரத்தையாச்சும் வெட்டட்டுமா?"

"வேண்டாங்க. அதுக்குத்தானே அவரு மடல் வெச்சாரு."

ஓராண்டாக நானே எண்ணெய் போட்டு வருகிறேன். அண்ணாவின் தலைமாட்டிலேயே இருந்து பார்த்த வைத்தியருக்கும், இறக்கைத் துணி தைத்துத் தந்த கோட்டைமேட்டுத் தையற்காரருக்கும், துக்கத்தில் சோறு சமைத்துக் கொண்டுவந்த பங்காளி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

சோளம் அறுத்ததும் காடு காலியாகும். காற்றடங்கிய ஒரு காலையில் முதலில் பனையளவு மட்டும் எழும்பி, மடல்களை இறக்கி, தோப்புக்கு இப்பால் நிறுத்தப்போகிறேன். அனைவரும் வாருங்கள். வெயில் ஏறினால் தோப்பு நிழலிலேயே நில்லுங்கள்.