லைனை விடாத மெஷின்

கருகிய பிளாஸ்டிக்கும் டெட்டாலும் கலந்த ஒரு வாடை... இடியில் எரிந்துபோன அந்த இன்டர்காம் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. இன்னும் போகவில்லை.

திருத்தணியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு நர்சிங் ஹோம். இரண்டு லேண்ட்லைன். ரிசப்ஷனில் ஒரு போன், வார்டில் ஒரு போன். அவ்வளவுதான்.

நான் அப்போது அரக்கோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை. இருபத்து நாலு வயது. மெக்கானிக் வீட்டுப் பெண்... ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தால் எதற்கும் பயம் கிடையாது.

"புதுப் பெட்டி வேணாங்க மேடம். ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தா போதும். ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்குது, ஒரு கார்டு போட்டா அதுவே போன் எக்ஸ்சேஞ்ச் ஆயிடும்" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "அப்போ போன் எடுக்கத் தனியா ஆள் வேண்டாமா?"

"வேணாங்க. மெஷினே எடுத்துப் பேசும்."

பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ரிசப்ஷன் மேஜையில் இருந்த தேவகியைப் பார்த்தேன். அங்கே போன் எடுக்கிற ஆளே அவள்தான். தமிழில் கேட்டால் தமிழ், நகரி பக்கத்திலிருந்து வந்தால் தெலுங்கு. அவள் எனக்கு டீ வாங்கி வரச் சொல்லி வார்டு ஆயாவை அனுப்பினாள்.

கார்டில் நாலு சாக்கெட். சிவப்பு இரண்டும் வெளியிலிருந்து வரும் லைனுக்கு, பச்சை இரண்டும் உள்ளே இருக்கும் போனுக்கு. மாற்றிச் செருகினால் பச்சை செத்துப்போகும். கார்டுக்குத் தனியாக பவர் வயர் கொடுக்க மறந்து ஒரு மணி நேரம் திட்டு வாங்கினேன்... என்னிடமே.

சாயங்காலம் எல்லாம் ஓடியது. யார் அடித்தாலும் பதிவு செய்து வைத்த என் குரல்தான் எடுக்கும். "அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒன்றை அழுத்தவும். வார்டுக்கு இரண்டை அழுத்தவும்." அழுத்தும் வரை திரும்பத் திரும்பச் சொல்லும்படி வைத்துவிட்டு, ஜம்பமாக ஊருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டத்தில் ரோடே தெரியவில்லை. நான் பத்து மணிக்கு வந்தேன்.

"அக்கா, காலைலருந்து போனே வரல" என்றாள் தேவகி.

"கிருத்திகை இல்ல... எல்லாரும் மலைக்குப் போயிகினு இருப்பாங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர், நிறைமாத மனைவியைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். அந்தப் பெண்ணுக்கு வலி வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நர்ஸுகள் அவளை உள்ளே கொண்டுபோனதும் அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். "எத்தினி வாட்டி அடிக்கிறது? எப்ப அடிச்சாலும் எங்கேஜ்! டாக்டர் கீறாங்களா இல்லியான்னு தெரியாம ஊட்டுலயே உக்காந்துகினு இருந்தோம். ஏதாச்சும் ஆயிருந்தா?"

தேவகிதான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினேன்.

திரையைப் பார்த்தேன். இரண்டு லைனும் பேச்சில் இருப்பதாகக் காட்டியது. காலையில் அடித்த யாரோ இருவர் என் குரலைக் கேட்டுக் குழம்பி வைத்துவிட்டிருக்கிறார்கள். வைத்தது மெஷினுக்குத் தெரியவில்லை. இல்லாத ஆளிடம் அத்தனை நேரமும் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்..."

ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டரம்மா என்னிடம் சத்தம் போடவில்லை. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா கழட்டி எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான்.

அடித்தவர் வைத்துவிட்டால் லைனில் எங்கேஜ் சத்தம் வரும். அதை வைத்துத்தான் மெஷின் லைனை விட வேண்டும். இன்டர்நெட்டில் எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதியிருந்த கணக்கை அப்படியே போட்டிருந்தேன்... அரை நொடி சத்தம், அரை நொடி மௌனம். வேறு எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். மெஷின் லைனை விடவே இல்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவகி கேட்டாள். "அக்கா, எத ரோசன பண்ணிகினு கீற?"

எங்கேஜ் சத்தம் எப்படி வரும் என்று அரை நொடிக் கணக்கில் மேஜையைத் தட்டிக் காட்டினேன்.

"இவ்ளோ வேகமா வராதுக்கா. நம்ம லைன்ல இப்டித்தான் வரும்." பேனாவால் மேஜையில் தட்டினாள். நிதானமாக... விட்டு விட்டு.

லைனில் வரும் எங்கேஜ் சத்தத்தைப் பதிவு செய்து அளந்து பார்த்தேன். முக்கால் நொடி சத்தம், முக்கால் நொடி மௌனம். ஆறு வருஷமாக ரிசீவரைக் காதில் வைத்திருந்தவள் சொன்னது அச்சு அசல் சரி.

மாற்றினேன். தேவகி தன் செல்லிலிருந்து அடித்தாள், வைத்தாள். சில நொடிகளில் திரையில் லைன் காலியானது. "விட்டுடுச்சுக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் வார்டு ஆயா ஓடி வந்தார்.

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "மேடம், நேத்து நான் சொன்னது தப்புங்க. வலில அடிக்கிறவங்க நம்பரை அழுத்திகினு நிக்க மாட்டாங்க. முதல்ல தேவகி மேஜைலதான் அடிக்கணும். அவ எடுக்கலன்னாதான் மெஷின். அப்படித்தான் வெக்கப் போறேன்."

கேட்கவில்லை, சொன்னேன். அவர் "வை" என்றார்.

தேவகி அதற்குப் பிறகு நாலு வருஷம் அங்கே இருந்தாள். பாஸ்வேர்டு மாற்றுவது, ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் அவள்தான். என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பிறகு கல்யாணமாகிப் புத்தூர் போய், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மொத்த ஆபீஸையும் பார்த்துக்கொண்டாள்.

இப்போது எனக்கென்று சின்னதாக ஒரு கம்பெனி. கார்டும் இல்லை, வயரும் இல்லை. எல்லாம் கிளவுட். அரக்கோணத்தில் உட்கார்ந்தபடியே எந்த ஊர் ஆபீஸுக்கும் அரை மணியில் போன் சிஸ்டம் போட்டுவிடுவேன். நன்றாகவே போடுவேன்.

ஆனால் யார் வேலை கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்... "உங்க ஆபீஸ்ல போன் எடுக்கறது யாரு? அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அப்படி யாரும் இல்லியே மேடம்..."