மூன்றாம் சுற்றுக்குப் பிறகு சொன்ன பொய்

ஐம்பத்துமூன்று வயதில், ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில், கைப்பேசியைப் பார்த்தபடி காற்றில் ஒரு குத்து விட்டு, பக்கத்து நாற்காலிப் பெரியவரின் டீயைத் தட்டிவிட்டவன் நான். அவர் வங்க மொழியில் என் வளர்ப்பைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். நியாயம்தான். நான் வங்கி அதிகாரி. வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை.

காரணம், ஓர் அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், மற்றவர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில் கையுறை மாட்டினான். ஒரே ஒரு தடவை உலகப் பட்டம். அதையும் அடுத்த சண்டையிலேயே பறிகொடுத்தான். அப்புறம் சின்ன ஊர்கள், பாதி காலியான அரங்குகள், ஓய்வு அறிவிப்பு, மறுபடி வருகை. ஜெயிப்பவர்களை ரசிக்கும் துணிச்சல் எனக்கு என்றுமே இருந்ததில்லை.

அங்கே சனி இரவு நடப்பது இங்கே ஞாயிறு காலையில் டிவியில் தெரியும். காளிகாட்டில் இருந்த அண்ணா, ஒவ்வொரு சண்டைக்கும் அதே ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவார். சோபா ஓரத்தில் பேப்பரோடு உட்கார்ந்து, நான் கத்தும்போதெல்லாம் தலையாட்டுவார். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

போன வருஷம் அண்ணாவின் இதய வால்வு பழுதானது. ஆபரேஷன் என்றார்கள். அண்ணா பிடி கொடுக்கவில்லை. என் ஆள் கடைசியாக ஒரு முறை திரும்பி வரப்போவதாகச் செய்தி வந்த வாரம் அது. நான்தான் ஆஸ்பத்திரிப் படுக்கையருகே ஆரம்பித்தேன்.

"அவனே இந்த வயசுல சண்டை மேடை ஏர்றான். நீ சும்மா படுத்துக்கத்தானே போற?"

"சரிடா. அவன் ஜெயிக்கட்டும், பாக்கலாம்."

சண்டை நடந்த ஞாயிறு காலை கீழே காத்திருப்புக் கூடத்தில் கைப்பேசியில் பார்த்தேன்; மூன்றாம் சுற்றில் அவன் விழுந்தான். ஒரு முட்டியை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை. பார்வையாளர் நேரம் தொடங்கியதும் மாடியில் அண்ணாவின் அறைக்குப் போனேன்.

"என்னடா ஆச்சு?"

"ஜெயிச்சுட்டான்."

"பேஷ்," என்றார் அண்ணா, என் கையைத் தட்டிக்கொடுத்து.

செவ்வாய்க்கிழமை உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணா கண் விழிக்கவே இல்லை.

காரியம் நடந்த பன்னிரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் வேண்டாமென்றிருப்பார். இன்னும் ஆறு மாதமோ, ஒரு வருஷமோ சோபா ஓரத்தில் இருந்திருப்பார். பதிமூன்றாம் நாள் எல்லோரும் போனபின், சமையலறையில் மன்னி தனியாக எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மன்னி, அன்னிக்கு அவன் தோத்துட்டான். நான் பொய் சொல்லித்தான் அண்ணா சம்மதிச்சார்."

மன்னி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர் முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலமே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்போ ஏன் என்கிட்ட கேட்டார்?"

"கேக்கலேன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பியே. இத்தனை வருஷத்துல டிவில அடிச்சுக்கற அந்த ரெண்டு பேர்ல எவன் உன் ஆளுன்னே அவருக்குத் தெரியாது."