இடது கையால் சல்யூட் அடித்த கரடி

டோஃபு கடையின் மாடியில்தான் எங்கள் கார்ட்டூன் பட்டறை. முதலாளி தொகுஜிரோ கதை கட்டுவார். குனியே மிருகங்களைக் காகிதத்தில் வரைந்து, கை தனி, கால் தனி, மூக்கு தனி என்று வெட்டி வைப்பாள். நான் கியோஜி, கேமராக்காரன். காகிதக் காலை அரிசியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். பத்து நிமிடம் ஓடுகிற படத்துக்கு நாலு மாதம் பிடிக்கும்.

ஷோவா எட்டாம் ஆண்டு, அதாவது 1933, மழைக்காலத்தில் நாங்கள் முடித்தது, குரங்குப் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு கரடியின் கதை. தொப்பி அதன் தலையில் நிற்காது. அணிவகுப்பில் முன்னால் போகிற குரங்கின் வாலை மிதிக்கும். காவலுக்கு நிறுத்தினால் தூங்கிவிடும். அது விடுகிற குறட்டையைப் பீரங்கி என்று நினைத்து எதிரி நரிகள் ஓடிப்போகும். இதெல்லாம் முதலாளி சொன்னது. கரடி எப்போதும் இடது கையால் சல்யூட் அடிப்பது மட்டும் குனியே சேர்த்தது. குரங்கு சார்ஜன்ட் பளாரென்று அறைவார். கரடி அவசரமாகக் கையை இறக்கும், மறுபடி இடது கையையே தூக்கும்.

சனிக்கிழமை கியோத்தோவில் படம் வெளியாக வேண்டும். பட்டாள உடுப்பு வருகிறதே, படையில் யாராவது பார்த்து முத்திரை வைத்தால்தான் ஓட்டுவேன் என்று தியேட்டர்காரர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மதியம் கேப்டன் உசாமி வந்தார். வாளை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அவருடைய கார் ஓட்டி, கண்ணாடி போட்ட நடுவயது கார்ப்பரல், வாசலோரம் விறைப்பாக நின்றார். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சுவரில் கட்டிய துணியில் படத்தைப் போட்டேன்.

தொப்பி விழுந்தது. வால் மிதிபட்டது. கேப்டனின் முதுகு அசையவில்லை. முதலாளி பிடரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கரடி இடது கையைத் தூக்கியது, அறை விழுந்தது, மறுபடி அதே கை. வாசலோரம் ஒரு சிரிப்பு வெடித்தது. கார்ப்பரல் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் அதற்குள் சத்தம் வந்துவிட்டது.

“நிறுத்து.”

ஓடாமல் நின்ற பிலிம் சூட்டில் எரியக்கூடாதென்று புரொஜக்டர் விளக்கை முதலில் அணைத்தேன். முதலாளி ஜன்னலைத் திறந்தார்.

“எதுக்குச் சிரிச்ச?” கேப்டன் திரும்பாமலே கேட்டார்.

“தப்புங்க ஐயா.”

“எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டேன்.”

“கரடி… கைய மாத்தித் தூக்குச்சுங்க.”

கேப்டன் எழுந்து கையுறையைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே கார்ப்பரல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைக் காட்டி நின்றார். எத்தனை வருஷப் பழக்கமோ.

“அவர அடிக்காதீங்க.” குனியே எழுந்து நின்றிருந்தாள். “சிரிக்கணும்னுதான் வரைஞ்சேன். சிரிச்சுட்டார். குத்தம் என்னுது.”

“உக்காரும்மா!” என்று முதலாளி சீறினார். பிறகு கேப்டன் பக்கம் குனிந்து குழைந்தார். “ஒண்ணுமில்லீங்க ஐயா, பிலிம் கழுவுறப்ப இடம் வலமாயிடுச்சு. இந்தக் கியோஜிக் கழுதை பண்ணின வேலை.”

நான் தலையைக் குனிந்து அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டேன்.

“அப்ப குரங்குங்க மட்டும் எப்படி வலது கையால அடிக்குது?” என்றார் கேப்டன்.

கேப்டன் குனியேவின் எதிரே வந்து நின்றார்.

“இடதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எந்தச் சிவப்புக் கூட்டம் உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

அந்த வருஷம் இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னவர்கள் வீடு திரும்பவில்லை. குனியே அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“கூட்டமும் இல்ல, கட்சியும் இல்ல. என் வீட்டுக்காரர் இடது கைக்காரர். எழுதறது, சாப்பிடறது எல்லாம் அந்தக் கைதான். பட்டாளத்துல சேர்ந்த முதல் மாசம் சல்யூட்டுக்கே தினமும் அடி. லீவுல வந்தப்ப அதை நடிச்சுக் காட்டினார். அடிச்சவர் மாதிரியும் அவரே, வாங்கினவர் மாதிரியும் அவரே. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.”

“இப்ப எங்க இருக்கான்?”

“போன வருஷம் மஞ்சூரியா சண்டையில போயிட்டார். சாம்பலாத்தான் வந்தார்.”

“எந்த ரெஜிமென்ட்?”

அவள் எண்ணைச் சொன்னாள். கேப்டன் கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த எண் அவருக்கு என்னவாக இருந்ததோ தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“மிச்சத்தப் போடு.”

ஜன்னலை மறுபடி சாத்திப் படத்தை ஓட்டினேன். கரடி குறட்டை விட்டது, நரிகள் ஓடின, கொடி ஏறியது. முடிந்ததும் கேப்டன் சொன்னார்: “இடது கை வர்ற இடம் ஒண்ணு விடாம வெட்டணும். இப்பவே, என் கண் முன்னாடி.” முதலாளி கத்தரிக்கோலுக்குப் பாய்ந்தார். “நீ இல்ல. அவ வெட்டட்டும்.”

குனியே ஜன்னலைத் திறந்து, பிலிமை வெளிச்சத்தில் பிடித்துத் தேடித் தேடி வெட்டி, மிச்சத்தை ஒட்டினாள். கேப்டன் துண்டுகளை ஓர் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு முத்திரை குத்தினார். வாசலில் நின்று கார்ப்பரலிடம் சொன்னார்:

“கண்ணாடியப் போட்டுக்க. வண்டிய எடு.”

கார் போன பிறகு முதலாளி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். “நம்ம எல்லாரையும் கொல்லப் பாத்தியேம்மா,” என்றார். என்னைக் கழுதை என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. வெட்டிய ஓரிடத்தில், நின்றுகொண்டிருந்த கரடி அடுத்த நொடியே தரையில் உட்கார்ந்திருந்தது. அதுவும் வேடிக்கைதான் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த குனியே, “வெட்டினது தெரியவே இல்ல, பாத்தியா,” என்றாள். அவள் குரலில் நிம்மதியில்லை.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, ஒரு விசிறிக் கடையில் பூ வரையப் போனாள். அடுத்தடுத்த படங்களில் எங்கள் மிருகங்கள் ஒழுங்காக நடந்தன, ஒழுங்காகச் சுட்டன. அவற்றையும் நான்தான் படம் எடுத்தேன். அவள் கையில் இருந்த உயிர் அவற்றில் இல்லையென்று முதலாளிக்கே தெரியும். மூன்று தடவை என்னை அவளிடம் தூது அனுப்பினார்.

“பட்டாளம் இல்லாத கதையா இருந்தா வரேன்னு சொல்லு,” என்று மூன்று தடவையும் அவள் சொன்னாள்.

அப்படி ஒரு கதை கேட்டு அந்த வருஷங்களில் எந்தத் தியேட்டர்காரரும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை.