பூட்டிய வீட்டைச் சுமந்த நத்தை

ஆஸ்பெஸ்டாஸ் கூரை உச்சிவெயிலில் நெட்டி முறிப்பதுபோல் "டக், டக்" என்று விடும் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். போன ஞாயிறு, மகளுக்காக வாடகைக்கு எடுத்துவந்த கேசட்டில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம் பார்த்தபோது அது திரும்பவும் காதில் விழுந்தது.

ஓசூரில் அப்போது நாங்கள், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய ஒரு "லைன் வீட்டில்" குடியிருந்தோம். அம்மாவுக்கு இரண்டாம் ஷிப்ட், ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் ஷிப்ட் முடித்து அப்பா வீடு சேர இரண்டரை ஆகும். இடைப்பட்ட நேரத்துக்கு எங்கள் வீட்டில் "இன்டர்வல்" என்று பெயர். ஆறு வயதுக்காரியான என்னை உள்ளே விட்டு வெளியே பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அம்மா ஓடுவாள். சாவியை அக்கம்பக்கத்தில் கொடுக்க அவளுக்குப் பயம்.

ஒருநாள் எல்லையில் ஏதோ தகராறு என்று பஸ்களை நிறுத்திவிட்டார்கள். மணி நான்காகியும் அப்பா வரவில்லை. பாவாடையிலேயே சிறுநீர் போய், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு பாத்திமாக்கா ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தோசையைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். "உங்கப்பன் பஸ்ஸு கட்டவண்டியாட்டம் வருது போலருக்கு. நீ தின்னு கண்ணு, அழுவாதே." அப்பா நடந்தே வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மறுநாள் அம்மா, "பூட்டியிருந்ததாலதான் பத்திரமா இருந்தே" என்று மட்டும் சொன்னாள். என் பிள்ளையை ஒருநாளும் பூட்டமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நானும் பூட்டுகிறேன். கணவருக்கு முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாவது. ஐந்து வயது மகளுக்கு ஐம்பது நிமிடத் தனிமை.

அந்தப் படத்திலும் தாய் பூட்டிவிட்டுப் போன வீட்டில் ஒரு சிறுமி. தாயின் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் மலையிலிருந்து ஒரு பெரிய நத்தை இறங்கிவந்து, பூட்டிய வீட்டையே முதுகில் ஏற்றிக்கொண்டு மேகங்களுக்கு மேலே ஊர்கிறது. தாய் திரும்புமுன் வீட்டைப் பழைய இடத்திலேயே இறக்கிவிடுகிறது. வாசலில் பளபளக்கும் ஈரத்தடத்தைப் பார்க்கும் தாய், எதுவும் கேட்காமல் துடைக்கிறாள்.

மகள் கைதட்டிச் சிரித்தாள். என்னால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்த ஈரம் என்னவென்று தெரியாதவர்கள் எடுத்த படம் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, தெரிந்துதான், பிள்ளைகளிடம் வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல் இப்படிச் சொன்னார்களோ என்று தோன்றியது. எது சரியென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

லைன் வீடுகளை இடித்து மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் இப்போது குடியிருக்கிறோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறது, யாருடைய கையும் உள்ளே நுழையாது. எதிர்வீட்டிலும் அந்நேரம் பூட்டுதான். வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் யோசிக்கிறேன். விட்டால் குடும்பம் ஓடாது.

திங்கட்கிழமை மதியம் நான் தட்டைக் கழுவி வைப்பதற்குள் மகள் செருப்பு மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"சீக்கிரம் பூட்டும்மா. நீ இருந்தா அது வராது."

அதெல்லாம் படத்தில்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் அந்த ஐம்பது நிமிடத்துக்கு அவளிடம் என்ன மிஞ்சும்? தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. பூட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சத்தமே இல்லாமல் காத்திருக்கத் தொடங்கினாள்.