பூசத்துக்கு விட்ட ஒரு நாள்

மண்டோரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எண்பதுகளின் தொடக்கத்தில், பாயான் பாருவில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் ஆறு மாதம் நாங்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டதே பெரிய விஷயம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கட்டுமான நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் வெளியே பயிற்சி. வாராவாரம் நடந்ததைக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதி, அங்கே வேலையை மேற்பார்வை செய்யும் மேஸ்திரியான மண்டோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வாரம் கையெழுத்து விடுபட்டாலும் பயிற்சி செல்லாது. இறுதி ஆண்டுக்குப் போக முடியாது. வீட்டில் அப்பா அதற்காகவே காத்திருப்பதுபோல் இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் படிப்பதுதான் படிப்பு. "சீமெந்து குழைக்கவோ உனக்கு யூனிவர்சிட்டி?" என்று நான் சோற்றில் கை வைக்கும்போது கேட்பார். தோற்றுப்போய் அவர் முன்னால் நிற்பதை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

ஆக, என் படிப்பு மண்டோரின் பேனாவில் தொங்கியது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி, ஆங்கிலம் தெரியாது. கான்கிரீட் கொட்டிப் பரப்பும் அவருடைய ஆட்கள் பதினோரு பேர், அதில் எட்டுப் பேர் பெண்கள். எல்லோரும் எஸ்டேட்டை விட்டு அவரோடு வெளியேறியவர்கள். தினமும் விடிகாலை கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி வருவார்கள். முதல் நாளே அவர் என் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்துவிட்டு, "ஓ, கிராணி வூட்டு ஆளுங்களா" என்றார். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுத உட்கார்ந்துகொண்டு தொழிலாளிகளை அதட்டிய கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத்து எங்கள் ஆட்கள்தாம். அவர்கள் மேலிருந்த கோபத்தையெல்லாம் கொண்டுவந்து என் தலையில் இறக்கினார். அன்றிலிருந்து நான் 'தொர'. ஆட்கள் முன்னால் அப்படிக் கூப்பிடுவார், அவர்களும் சிரிப்பார்கள்.

இரண்டாவது மாதம் கோலாலம்பூரிலிருந்து புதிதாக ஒரு சீன மேனேஜர் வந்தார். எந்த நாளில் எந்த வேலை என்ற அட்டவணையைப் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாடப்புத்தகத்தைப் பார்த்து, பெரிய தாளில் நான்கு வண்ணத்தில் கோடு கோடாக வரைந்தேன். மழைக்கு நாள் ஒதுக்கினேன். சீனப் புத்தாண்டுக்கு நாள் ஒதுக்கினேன். தைப்பூசத்துக்கு ஒரு நாள் விட்டு, மறுநாள் மூன்றாம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் என்று போட்டேன். எங்கள் வீட்டில் தைப்பூசம் ஒரு நாள்தான். முந்தின நாள் ரதம் வரும்போது தெருமுனையில் அர்ச்சனைத் தட்டோடு நிற்போம். பூசத்தன்று வெயில் ஏறுவதற்குள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பி, சாப்பிட்டுத் தூங்குவோம்.

மண்டோர் வந்து சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பூசத்துக்கு வுட்டிருக்கியா தொர?"

"விட்டாச்சு" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. தமிழனிடம் போய் இதைக் கேட்பானேன் என்று நினைத்திருப்பார். நானும் அவரிடம் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

பூசத்துக்கு மறுநாள் காலை கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. கொட்டிப் பரப்ப ஓர் ஆள் இல்லை. பலகை அடிக்கும் சீனத் தச்சர்கள் இரண்டு பேர் மட்டும் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது தங்கள் வேலை இல்லை என்றார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். ஒரு மூலையைப் பரப்புவதற்குள் இடுப்பு ஒடிந்தது. கீழே லாரியில் இருந்ததெல்லாம் இறுகத் தொடங்க, டிரைவர்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். கடைசியில் அத்தனையையும் காலி நிலத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். நான் பரப்பிய மூலையையும் உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று.

மண்டோர் அந்த வருடம் காவடி எடுத்திருந்தார். பெண்கள் பால்குடம். மறுநாள் ரதம் திரும்பும்வரை தண்ணீர்ப் பந்தலில் நின்று ஊற்றிக் கொடுப்பார்கள். அதற்கடுத்த நாள், விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசை. அது முடிந்த பிறகுதான் வேலை. பழைய மேனேஜருக்கு இது தெரியுமாம். சீனரான அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

புதிய மேனேஜர் கத்தவில்லை. நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி மண்டோரிடம் கையெழுத்து வாங்கு, அதன் பிரதி தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். அட்டவணை தப்பு என்று எழுதினால் நான் தொலைந்தேன். வேலையாட்கள் முன்கூட்டியே சொல்லாமல் வரவில்லை என்று எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், நன்றாகவே எழுதினேன்.

இடும்பன் பூசை முடித்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மண்டோர் வந்தார். குறிப்பேட்டை நீட்டினேன்.

"என்னா எழுதியிருக்க?"

"பூசம், அதனால வேல நடக்கலன்னு எழுதியிருக்கேன்."

அவர் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டார். "ஒனக்கு மூள கெடையாது தொர. ஒரு நாள்ல பூசம் முடியுமா? அதுக்காக ஒன் படிப்பு கெடணுமா என்ன. மேனேஜர் கேட்டா நான் பேசிக்கிறேன்லா." சொல்லிவிட்டு, தமிழில் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். திட்டிக்கொண்டே செய்த அந்த உதவி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தக் குறிப்பேட்டுக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. இறுதி ஆண்டுக்குப் போனேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது.

பத்து நாள் கழித்து தலைமை அலுவலகம் மண்டோரையும் பதினோரு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. மண்டோர் பேசிப் பார்க்கப் போனபோது மேனேஜர் அந்தப் பிரதியை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அதை எடுத்துக்கொண்டு நான் நின்ற கொட்டகைக்கு வந்தார். பின்னாலேயே பெண்கள் சோற்றுத் தூக்குகளோடு வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"தமிழ்ல படி" என்றார். "இவங்களுக்கும் கேக்கட்டும்."

ஓடிவிடலாமா என்றிருந்தது. வேறு எதையாவது படித்துச் சமாளிக்கலாமா என்றும் யோசித்தேன், மறைப்பதற்கில்லை. படித்தேன். வேலையாட்கள் முன்கூட்டியே சொல்லாமல் வரவில்லை.

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அடியில கையெழுத்து யாருது?"

"உங்களுது" என்றேன்.