டிசைன் தாளின் பின்பக்கம்

ஜப்பானில் ஊருக்கு ஊர் சண்டை நடந்த காலத்துச் சிற்றரசன் ஒருவனைப் பற்றி மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்காதவர்கள் கிடையாது. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

புடவைக்கு டிசைன் வரைந்த கட்டம் போட்ட தாளை எங்கள் வீட்டில் தூக்கிப் போடுவதில்லை. அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் எழுதினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. பழைய மயில் பார்டர் மறுபடி வேண்டுமென்று ஆர்டர் வந்ததும், டிசைனைப் பார்த்துத் தறி அட்டைக்கு ஓட்டை போடுகிறவரிடம் என் மனைவி அந்தத் தாள் கட்டைக் கொடுத்துவிட்டாள்.

"டிசைன் தாளு டிசைனுக்குத்தானே? நீங்க பின்னாடி கத எழுதிகினு இருந்தா நான் என்னா பண்றது?" என்றாள்.

ஓடினேன். அவர் தாள்களை நறுக்கி, நான் எழுதிய பக்கம் அடியில் போக, பலகையில் பசை போட்டு ஒட்டியிருந்தார். பதினோரு பக்கம் போயிற்று. வேறு பிரதி கிடையாது. எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோச்சிக்காதீங்க. ஒட்டறதுக்கு முன்ன படிச்சுப் பாத்தேன்," என்றார் அவர். "அந்த ராஜா எதிரியோட சமாதானம் பண்ணிக்கினு, தன் பொண்ண அவன் வூட்டுல குடுத்தான் இல்ல? அப்பால அந்தக் கோட்டையவே கொளுத்திட்டான். பொண்ணு உள்ளதானே இருந்துச்சு. அது என்னா ஆச்சு?"

நான் எழுதவில்லை. கோட்டை எத்தனை நாளில் விழுந்தது என்று எழுதியிருந்தேன். அவன் கவசத்தைக் கோத்த பட்டுக் கயிற்றின் நிறத்துக்கும் முடிச்சுக்குமே இரண்டு பக்கம். தொழில் புத்தி எங்கே போகும்? பெண்ணுக்கு மட்டும் 'கொடுத்தான்' என்று ஒரே வார்த்தை.

"நான் படிச்ச புத்தகத்துல இல்லீங்க," என்றேன்.

"இப்ப நீங்கதானே எழுதறீங்க?"

சுருக்கென்றது. என் மகளைச் சேத்துப்பட்டில் கொடுத்திருக்கிறேன். சம்பந்தியும் நானும் தறிப் பங்கில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்கள்; இரண்டு வீடும் ஒன்றாகட்டும் என்றுதான் கொடுத்தேன். போன மாதம் அவரோடு மறுபடி முறைத்துக்கொண்டு, அந்த வீட்டிலிருந்து யார் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டவனும் நானேதான். மகள் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள்.

தாளைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் தெருவுக்கு வந்தேன். பவர்லூம் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.