பெட்டிக்குள்ள போன மூணு கொப்பி

அண்ணனோட மொத தெவசத்துக்கு வந்து இந்த நெனவு மலர கையில வாங்கியிருக்க சொந்தக்காரங்களுக்கும் தோட்டத்து ஆளுங்களுக்கும் வணக்கம். நான் தங்கச்சி. மூணாங் கிளாஸோட நின்னவ. எழுத்துப்பிழைய மட்டும் டவுன்ல அச்சுக்கூடம் வச்சிருக்க பிரஸ்கார நானா திருத்தினாரு. பேச்சு என்னோடது.

அண்ணன் பொறந்தது எல்கடுவ தேயிலத் தோட்டத்துல, மேக்கணக்கு லயத்து வரிச வீட்டுல. அம்மா அப்பா சீக்கிரமே போயிட்டாங்க. மாத்தள டவுன்ல பெரிய கிளாஸ் வரைக்கும் படிச்சும் தோட்டத்து ஆபீஸ்ல வேல குடுக்கல. கோவிச்சுக்கிட்டு கொழும்புக்குப் போயி கப்பல் குசினியில சமைக்கச் சேந்துட்டாரு.

வடக்க எங்கயோ கடலே ஒறஞ்சு போற ஊராம். அங்க காய்ச்சல்ல விழுந்த அண்ணன கப்பல்காரங்க எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. மீன் புடிக்கிற ஒரு கெழவர் வீட்டுல வச்சுப் பாத்தாரு. அவரு பாஷய பேச அவரோட சேத்து நாலே பேருதான் மிச்சமாம். பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சே மத்தவங்கள மறக்க வச்சுட்டாங்களாம். அதச் சொல்லும்போதெல்லாம் கெழவர் அழுவாராம். அரகொற இங்கிலீசுல கேட்டுக் கேட்டு, அவரு சொன்னத அண்ணன் தமிழ் எழுத்துல எழுதிக் கொண்டாந்தாரு.

திரும்பி வந்து, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய புடிச்சாரு. வேல விட்டு வந்ததும் தேயிலப் பெட்டிய கவுத்துப்போட்டு அதுமேல வச்சு எழுதுவாரு. ஐஸு வெடிக்கிற சத்தம், மீசையில மூச்சு ஒறஞ்சு நிக்கிறது, கெழவரோட கதைங்க, எல்லாம் மூணு கொப்பி.

பெரியப்பா வாசல்ல நின்னு கேப்பாரு. "கடல் மேல நடந்தாராமே தொர! வரும்போதும் நடந்தே வந்திருக்கலாமில்ல?" லயமே சிரிக்கும். புள்ளைங்க "ஐஸ்பழம், ஐஸ்பழம்"னு பின்னால ஓடும். அண்ணனும் சிரிப்பாரு.

ஒருநாள் டவுன்ல கவர்மெண்டு கந்தோர்ல, அண்ணனுக்குப் படிக்கத் தெரியாத சிங்களத்துல ஃபாரத்த நீட்டி ஒப்பம் வைன்னாங்களாம். வந்து, "தங்கச்சி, அந்தக் கெழவர் ஏன் அழுதாருன்னு இன்னிக்கித்தான் வெளங்குது"ன்னாரு. சோறு திங்கல.

பிரஸ்கார நானா ரெண்டு பக்கம் படிச்சுட்டு, "முடிச்சுக் கொண்டாங்க தம்பி, நான் அச்சுல போடுறேன்"னு சொன்னாரு. அண்ணன் இருமிக்கிட்டே எழுதி முடிச்சாரு. வெள்ளிக்கிழம கொண்டு போறதா இருந்தாரு. வியாழக்கிழம காலையில போயிட்டாரு.

சவப்பெட்டிய மூடப்போற நேரம் பெரியப்பா சொன்னாரு, "அவன் உசிரா வச்சிருந்த சாமான் வீட்டுல இருக்கப்படாது. தேடிக்கிட்டு திரும்பி வருவான். உள்ள வையி."

"பெரியப்பா, அது அச்சுக்குப் போறது."

"ஒன் கைப்புள்ள மேல ஆச இருந்தா வையி."

இடுப்புல புள்ள இருந்துச்சு, பயந்துட்டேன். என் கையாலதான் வச்சேன், தலமாட்டுல.

மறுநாள் நானா மலையேறி வந்து, "தங்கச்சி, கொப்பி எங்க?"ன்னு கேட்டாரு. நான் குழிமேட்டக் காட்டினேன். அவரு தொப்பிய கழட்டி மடியில வச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்துட்டாரு.

தோண்டித் தாங்கன்னு லயத்துல ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் போயி கெஞ்சினேன். "பொணத்த தோண்டச் சொல்றவ பொம்பளயா?"ன்னு பெரியப்பா கத்தினாரு. உயிரோட இருக்கும்போது அண்ணனுக்கு மருந்து வாங்க நடக்காதவங்க, குழிக்குக் காவல் நின்னாங்க. மூணாம் நாள் மழ புடிச்சு, ரெண்டு கெழமயா, பதினாலு நாளும் விடல.

அண்ணன் அந்தப் பாஷய படிச்சுக் காட்டும்போது நானும் சிரிச்சவதான். ஒரு வார்த்த கூட நெனப்புல இல்ல.

பெட்டி சுமந்தவங்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு கூட வந்த அடுத்த காம்பரா அக்காவுக்கும், அண்ணன் புஸ்தகத்துக்குன்னு வச்சிருந்த காகிதத்துல இந்த மலர அடிச்சுத் தந்த நானாவுக்கும் நன்றி. பெரியப்பாவுக்கும் எழுதுன்னாங்க. கை வரல.

திரும்பி வந்துருவாருன்னு பயந்துதான் வச்சோம். வருசம் ஒண்ணாச்சு. அண்ணே, அந்தக் கொப்பிய தூக்கிக்கிட்டு வாங்கண்ணே. நான் பயப்பட மாட்டேன்.